ஆமைத் தொட்டிக்கு எந்த மணல்? எம்-சாண்ட், ஆற்று மணல், ஃபில்டர் மணல் ஓர் ஒப்பீடு

நம் ஊர் மீன் கடைகளில் வாங்கிவரும் ஆமை பெரும்பாலும் சிவப்புக் காது ஆமைதான். அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் வடகோடியிலும் உள்ள குளங்களையும் மெதுவாக ஓடும் ஆறுகளையும் சேர்ந்தது. இதன் தொட்டியில் மணல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெறும் கண்ணாடித் தரையிலும் பல ஆண்டுகள் நலமாக இருக்கும். மணல் உண்மையிலேயே தேவைப்படுவது இரண்டு சமயங்களில்: புதைந்து கிடப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட மெல்லோட்டு ஆமைகளுக்கு, அப்புறம் முட்டையிடும் வயதுக்கு வந்த எந்தப் பெண் ஆமைக்கும். மற்றபடி அது வளர்ப்பவரின் விருப்பம்.

விருப்பம் என்பதால் வீண் என்று அர்த்தமில்லை. மணல் இருந்தால் ஆமை வழுக்காமல் நடக்கிறது, மூக்கால் கிளறுகிறது, கீழிருந்து வரும் கண்ணாடிப் பிரதிபலிப்பும் குறைகிறது. விலையாக நீங்கள் கொடுப்பது சுத்தம் செய்யும் நேரம். ஆமை மீனைவிடப் பல மடங்கு கழிவு போடும். வெறும் தரையில் அது கண்ணுக்குத் தெரியும், குழாய் வைத்து ஒரு நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம். வாரம் ஒருமுறை தொட்டிக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியாத வீட்டில் மணல் போடவே வேண்டாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். குளத்தில் பிடித்த பாலாமை, நட்சத்திர ஆமை முதலிய உள்நாட்டு இனங்களை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுக்கு எந்த மணல் பொருந்தும் என்ற கேள்விக்கு இடமே இல்லை. வளர்க்க முடியாமல் போன சிவப்புக் காது ஆமையை ஏரியில் கொண்டுபோய் விடுவதும் தவறு. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது.

பெயரைவிடக் குறுணை முக்கியம்

கடைக்காரர் சொல்லும் பெயரை ஒதுக்கிவிட்டு இரண்டைப் பாருங்கள்: குறுணையின் அளவு, அதன் முனை.

அளவைப் பொறுத்தவரை விதி எளியது. ஆமை விழுங்கினாலும் மலத்தோடு வெளியேறிவிடும் அளவுக்குப் பொடியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் வாய்க்குள் நுழையவே முடியாத அளவுக்கு, அதாவது ஆமையின் தலையைவிடப் பெரிய கூழாங்கல்லாக இருக்கவேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் வம்பு. மீன் தொட்டிக்கென்று நீலம், சிவப்பு, பச்சை நிறங்களில் விற்கும் 3 முதல் 10 மில்லிமீட்டர் சல்லிதான் ஆமைக்கு இருப்பதிலேயே கெட்ட தேர்வு. நிறத்தைப் பார்த்து உணவென்று நினைத்து விழுங்கும். குடலில் தங்கி அடைத்துக்கொள்ளும். ஆமையையும் இந்தச் சல்லியையும் சேர்த்தே விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

மணலிலேயே நமக்கு வேண்டியது 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை, அதாவது உப்புமா ரவை அளவு. 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆமை ஒருமுறை காலை உதைத்தாலே மேலெழுந்து பம்புக்குள் போகும். தரையில் இருப்பதும் இறுகிக் காற்றுப் புகாமல் கெட்டுவிடும். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் இடுக்குகளில் கழிவு இறங்கி உட்கார்ந்துகொள்ளும், குழாயால் எடுக்க முடியாது.

முனை மழுங்கியிருக்கவேண்டும். ஆமை தரையில் ஊர்ந்தும் உரசியும் போகிற பிராணி. அடி ஓட்டில் கீறல் விழுந்தால், அழுக்குத் தண்ணீரில் அந்தக் கீறல் வழியாகக் கிருமி புகுந்து புண்ணாகும். மெல்லோட்டு ஆமைக்கு ஓட்டின்மேல் தகடுகளே இல்லை, தோல்தான். அதனால் அதற்குக் கூர்மையான மணல் இன்னும் ஆபத்து.

எம்-சாண்ட், பி-சாண்ட்

இன்று எந்தத் தெருவிலும் கிடைப்பது இதுதான், ஒரு மூட்டை சும்மாவே கேட்டு வாங்கிவிடலாம். அதனால்தான் இதைப் பற்றி முதலில் சொல்லவேண்டியிருக்கிறது: வேண்டாம். கருங்கல்லை உடைத்துச் செய்வது. ஒவ்வொரு குறுணையிலும் புதிதாக உடைந்த விளிம்பு இருக்கும். ஆற்றில் உருண்டு வந்த மணலுக்கு இயல்பாகக் கிடைத்த மழுங்கல் இதற்கு இல்லை. இரண்டாவது குறை கல்தூள். கட்டுமான மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, இயற்கை மணலில் 75 மைக்ரானுக்கு (0.075 மில்லிமீட்டர்) கீழான தூள் 3 சதவீதம் வரைதான் இருக்கலாம் என்கிறது. உடைத்த கல் மணலுக்கோ 15 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது. கான்கிரீட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம். தொட்டியில் அந்தத் தூள் நாள்கணக்கில் கலங்கி நிற்கும், ஃபில்டர் பஞ்சை அடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் தூள்தான் போகும், விளிம்பு போகாது. பூச்சு வேலைக்கான பி-சாண்ட் இன்னும் பொடி. அதே குறைகள், கூடுதல் கலங்கல்.

ஆற்று மணல்

குணத்தில் நல்லது. குவார்ட்சு அதிகம், முனை மழுங்கியது, நிறம் இயற்கையானது, ஆமையின் கழிவும் அதில் கண்ணை உறுத்தாது. சிக்கல் கிடைப்பதிலும் கிடைத்ததன் தூய்மையிலும் இருக்கிறது. மணல் அள்ளுவதற்குக் கட்டுப்பாடு வந்தபின், சவுடு மண்ணைக் கழுவி ஆற்று மணல் என்று விற்பதும் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடத்துக் குவியலில் சிமென்ட் சிந்தியிருக்கலாம். அது தண்ணீரின் காரத்தன்மையைச் சட்டென்று ஏற்றிவிடும். நகரத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்தது என்றால் சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்தே வரும். அவை கழுவினால் போகிற அழுக்கு அல்ல.

நம்பகமான இடத்திலிருந்து கிடைத்தால் சலித்துத்தான் பயன்படுத்த வேண்டும். கட்டுமானப் பொருள் சோதனைக்கான சல்லடைகளில் 1.18 மில்லிமீட்டர், 600 மைக்ரான் இரண்டும் போதும். பெரியதில் நிற்கும் கல், கிளிஞ்சல், வேர் எல்லாவற்றையும் எறியுங்கள். சிறியதில் கீழே விழும் பொடியைச் செடித்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பதுதான் உங்கள் மணல். ஒரு மூட்டையில் பாதிக்கு மேல் கழிந்துவிடலாம், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். காய்ந்த மணலைச் சலிக்கும்போது மூக்கை முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும். சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகாது.

ஃபில்டர் மணல்

தண்ணீர் சுத்திகரிப்பு சாமான்கள் விற்கும் கடையில், நீச்சல் குளத்துக்கும் போர்வெல் இரும்பு நீக்கும் கலனுக்கும் போடும் சிலிக்கா மணல் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு நமது பரிந்துரை இதுதான். ஏற்கெனவே கழுவி, சலித்து, ஒரே அளவாகப் பிரித்தது. மூட்டையில் வலைக்கண் எண் போட்டிருக்கும்: 16/30 என்றால் ஏறத்தாழ 0.6 முதல் 1.18 மில்லிமீட்டர். அதைக் கேளுங்கள். 8/16 ஆமைக்குப் பெரியது, 30/60 பொடி. குறுணை எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் நடுவில் தண்ணீர் ஓட இடம் இருக்கும், சீக்கிரம் இறுகாது. கனமும் இருப்பதால் ஆமை கிளறினாலும் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில ஆலைகள் குவார்ட்சுப் பாறையை உடைத்து அதையும் ஃபில்டர் மணல் என்றே விற்கின்றன. பார்ப்பதற்குப் பளிச்சென்ற வெள்ளை; கையில் எடுத்து விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்தால் குத்தும். இயற்கை மணல் பழுப்பு கலந்த வெள்ளையாக, தேய்த்தால் உருளும். மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

சென்னைக்காரர்கள் எண்ணூர் மணலைப் பற்றிக் கேட்பதுண்டு. சிமென்ட் சோதனைக்கான இந்தியத் தர மணல் எண்ணூரிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை மூன்று தரமாகப் பிரித்து விற்கிறது. இரண்டாம் தரம் 500 மைக்ரான் முதல் 1 மில்லிமீட்டர் வரை. அளவு கச்சிதம், தூய்மையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஆய்வகத்துக்கான சரக்கை ஆமையின் காலடியில் கொட்டுவது காசுக்குக் கேடு. அதன் தரநிலையும் கோணமுள்ள குறுணையையே கேட்கிறது.

சிங்கப்பூர், கனடா போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இரண்டு சரக்கு சுலபமாகக் கிடைக்கும்: நீச்சல் குள ஃபில்டர் மணல், குழந்தைகள் விளையாடும் மணல். முன்னதை எடுங்கள். விளையாட்டு மணல் விலை குறைவு, மழுங்கலாகவும் இருக்கும். ஆனால் பொடி அதிகம், கழுவியே கை ஓய்ந்துவிடும்.

தொடவே கூடாதவை

கடற்கரை மணலில் உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் தூளைக் கழுவ முடியாது. அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். நம் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே கடினம். கண்ணாடியிலும் ஓட்டிலும் வெள்ளைப் படிவுதான் மிச்சம். கடற்கரையில் மணல் அள்ளுவதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் தடுக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் கருமணலும் செம்மணலும் அழகாக இருக்கிறதே என்று எடுத்துவர நினைப்பவர்களுக்கு: மணவாளக்குறிச்சிப் பகுதி மணலில், கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற தாது இருக்கிறது. அணுசக்தித் துறையின் கீழுள்ள நிறுவனம் அங்கே ஆலையே வைத்திருக்கிறது.

பவள மணலும் அராகோனைட் என்ற சுண்ணாம்பு மணலும் கடல் மீன் தொட்டிக்கு உரியவை; சுண்ணாம்புச் சத்துக் கிடைக்குமே என்று ஆமைக்குப் போடுவது வீண். சாயம் பூசிய மணலில் பூச்சு உரியும், ஆமை அதைக் கொறிக்கும். இரும்பைச் சுரண்டப் பயன்படும் காப்பர் ஸ்லாக், அதாவது செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு, கறுப்பாக மின்னும். கூர்மையானது, செம்பு மிச்சமும் உள்ளது.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

ஒரு கைப்பிடி மணலைக் கேட்டு வாங்கி வீட்டில் பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின்மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். மணல் 10 சென்டிமீட்டர் என்றால் வண்டல் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவும் உழைப்பு விலையைவிட அதிகமாகிவிடும். அடுத்து, காய்ந்த மணலில் சில சொட்டு வினிகர்: நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மூன்றாவதாக ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மணலுக்குள் ஓட்டுங்கள். நாலைந்து கரும்பொட்டு ஒட்டினால் பரவாயில்லை. மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அது இரும்புத் தாது கலந்த மணல், திருப்பிக் கொடுங்கள்.

எவ்வளவு, எப்படி

ஆழம் 2 முதல் 3 சென்டிமீட்டர் போதும். 3 அடிக்கு 1½ அடித் தொட்டியில், அதாவது 90-க்கு 45 சென்டிமீட்டரில், 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 12 லிட்டர் மணல் பிடிக்கும். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ என்பதால் 19, 20 கிலோ ஆகும். 25 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் கழுவும்போது போவதும் அடங்கிவிடும். வளர்ந்த பெண் ஆமைக்கு ஓடு 25 சென்டிமீட்டரைத் தொடும்; அப்போது 5 அடிக்கு 2 அடித் தொட்டி வரும், அதற்கு 43 கிலோ. மெல்லோட்டு ஆமைக்கு மட்டும் ஆழக் கணக்கு வேறு: ஓடு முழுவதும் மறையுமளவு, குறைந்தது 5 சென்டிமீட்டராவது வேண்டும். தண்ணீரின் உயரமும் அளவாக இருந்தால், புதைந்தபடியே கழுத்தை நீட்டி மூச்சு விடும்.

கழுவுவதை மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ செய்யுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவினால் குழாய் அடைப்பதோடு, பழைய மணலென்றால் சால்மோனெல்லா கிருமியும் பாத்திரத்துக்கு வரும். 20 லிட்டர் பக்கெட்டில் ஒரு தடவைக்கு 3, 4 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். ரப்பர் குழாயை அடிவரை இறக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையால் கிளறியபடி மேல் தண்ணீரை வழியவிடுங்கள். ஃபில்டர் மணல் நாலைந்து முறையில் தெளிந்துவிடும். ஆற்று மணலுக்குப் பத்துக்கு மேலும் ஆகலாம். சோப்பு, டெட்டால் எதுவும் கூடாது. கடைசியில் ஒரு நாள் வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள்.

போடும்போது ஃபில்டர் நின்றிருக்க வேண்டும். மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் தண்ணீரை மெல்ல விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஃபில்டரைப் போடலாம். தண்ணீரை இழுக்கும் வாய் மணலிலிருந்து 8 சென்டிமீட்டராவது மேலே இருக்கவேண்டும், அதன் நுனியில் பஞ்சு உறை போடுங்கள். மணல் ஒருமுறை பம்புக்குள் போனால் சுழலியைத் தேய்த்துவிடும். கரகர சத்தம் கேட்டதும் கழற்றிக் கழுவவேண்டும். தரைக்கு அடியில் தட்டாக வைக்கும் ஃபில்டர், மணலோடு ஒத்துவராது: மணல் அதன் துளைகளை அடைத்துவிடும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றும்போது அரை அங்குலக் குழாயை மணலுக்கு 2 சென்டிமீட்டர் மேலே பிடித்து வட்டமாக அசைத்தால் கழிவு மட்டும் எழும்பிக் குழாயில் ஏறும். சல்லிக்குச் செய்வது போல மணலுக்குள் குத்தினால் பாதி மணல் பக்கெட்டில்தான் கிடக்கும். அதோடு ஒரு குச்சியால் தரை முழுக்கக் கிளறிவிடுங்கள், குறிப்பாகப் பாறைக்கு அடியிலும் ஆமை ஏறி வெயில் காயும் மேடைக்குக் கீழேயும். அங்கேதான் ஆமை கிளறாது. கண்ணாடி ஓரத்தில் மணல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை வாடை வந்தால், காற்றில்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. ஆமையை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அந்தப் பகுதி மணலை அள்ளி எறியுங்கள். காரணம் இரண்டில் ஒன்றுதான்: ஆழம் கூடிப்போனது, இல்லையென்றால் மணல் மிகவும் பொடி.

மணலைத் தின்றால்

எந்த மணலாக இருந்தாலும் ஆமை கொஞ்சம் விழுங்கும். மலத்தில் மணல் தெரிந்தால் பதறவேண்டாம், வெளியே வருகிறது என்றுதான் அர்த்தம். வேண்டுமென்றே அள்ளித் தின்கிறது என்றால் கால்சியம் போதவில்லையா என்று பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் மீனின் ஓட்டை, முதுகுப் பக்கத்துக் கடினத் தகட்டைச் சுரண்டிவிட்டு, தண்ணீரில் மிதக்கவிடுங்கள், கொறித்துக்கொள்ளும். உணவைத் தனிப் பாத்திரத்தில், தண்ணீர் மட்டும் வைத்துக் கொடுத்தால் பெரும்பகுதி தீர்ந்தது: மூழ்கிய தீவனத்தோடு சேர்ந்துதான் மணல் வயிற்றுக்குப் போகிறது.

ஆமை சாப்பாட்டை மறுத்து, நாலைந்து நாளாக மலமும் போகாமல், முக்கியபடி பின்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தால் குடல் அடைப்பைச் சந்தேகிக்கவேண்டும். மணல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் அடைப்பைவிடப் பெரிய நோயாகிவிடும்.

முட்டைப் பெட்டிக்கு மட்டும் கணக்கு தலைகீழ்

பெண் ஆமை ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். சாப்பாட்டை விட்டு, கரையேறி, பின்காலால் எதையாவது தோண்டப் பார்க்கிற ஆமைக்கு உடனே பெட்டி வேண்டும். ஓட்டின் நீளத்துக்குக் குறையாத ஆழம்; 20 சென்டிமீட்டர் ஆமைக்கு 25 முதல் 30. பரப்பு, ஆமை தாராளமாகத் திரும்புமளவு. 60-க்கு 45 சென்டிமீட்டர் பெட்டியை 25 சென்டிமீட்டர் நிரப்பினாலே 67 லிட்டர், நூறு கிலோவைத் தாண்டும். முதலில் பெட்டியை இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

மேலே புகழ்ந்த ஃபில்டர் மணல் இங்கே உதவாது. ஒரே அளவான உருண்டைக் குறுணை ஒன்றோடொன்று பிடிக்காமல் குழி சரியும். சலிக்காத ஆற்று மணலும், உரமும் வேப்பம்புண்ணாக்கும் கலக்காத தோட்ட மண்ணும் சரிபாதி கலந்தால் குழி நிற்கும்; தொட்டியில் தொந்தரவாக இருந்த வண்டல் இங்கே பிடிப்புக் கொடுக்கிறது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆமை தோண்டத் தொடங்கிப் பாதியில் விட்டு வேறு இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தால் குழியைப் பாருங்கள். ஓரம் சரிந்திருந்தால் ஈரம் போதவில்லை, தண்ணீர் தெளியுங்கள். அடியில் ஈரம் தேங்கிச் சேறாகியிருந்தால் மண் கூடிவிட்டது, இன்னும் இரண்டு சட்டி மணல் சேர்த்துக் கிளறிவிடுங்கள்.